கென்னிகாட், மெக்கார்த்தி போக நினைப்பவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலாஸ்கா போகிறவர்களில் பலர் டெனாலி, ஒரு கப்பல் பயணம், ஆங்கரேஜில் ஒரு நாள் என்று முடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நடக்கப் பிடிக்கும், பழைய ஊர்களைப் பார்க்கவும் பிடிக்கும் என்பவர்கள் கொஞ்சம் சிரமப்பட்டாவது கென்னிகாட்டுக்குப் போக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். 1938-இல் மூடப்பட்ட ஒரு செம்புச் சுரங்க ஊர், அதன் வாசலிலேயே ஒரு பனியாறு, அதற்குப் பின்னால் பாதையே இல்லாத மலைகள். போக நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

இது சரியாக எங்கே இருக்கிறது?

அலாஸ்காவின் தென்கிழக்கில், கனடா எல்லையை ஒட்டிய ராங்கெல்–செயின்ட் எலியாஸ் தேசியப் பூங்காவுக்குள். அமெரிக்காவின் மிகப் பெரிய தேசியப் பூங்கா இதுதான், 1 கோடியே 32 லட்சம் ஏக்கர். 1980-இல் பூங்காவாக அறிவித்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டே கனடாவின் க்ளுவானி பூங்காவோடு சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் வந்துவிட்டது. அமெரிக்காவின் இரண்டாவது உயரமான மலையான செயின்ட் எலியாஸ் (18,008 அடி) இங்கேதான் இருக்கிறது. கென்னிகாட்டிலிருந்து பார்த்தால் தெரிவது அது இல்லை, பிளாக்பர்ன், 16,390 அடி. மேகம் விலகினால் ஊருக்கு நேர் எதிரே நிற்கும்.

இவ்வளவு பெரிய பூங்காவுக்குள் போக இரண்டே சாலைகள், இரண்டும் மண்சாலைகள். நுழைவுக் கட்டணம் கிடையாது, வாசல்கூடக் கிடையாது.

கென்னிகாட்டும் மெக்கார்த்தியும் ஒரே ஊரா?

இல்லை. இரண்டுக்கும் நடுவே 5 மைல் இருக்கிறது. கென்னிகாட் சுரங்கக் கம்பெனி கட்டிய ஊர்: ஆலை, தொழிலாளர் விடுதிகள், மருத்துவமனை, பள்ளிக்கூடம், பால் பண்ணை, டென்னிஸ் ஆடுகளம் என்று எல்லாமே கம்பெனியுடையது. அங்கே மது கூடாது என்று கம்பெனி கறாராக இருந்ததால், கம்பெனி எல்லைக்கு வெளியே மெக்கார்த்தி முளைத்தது. சாராயக் கடை, சூதாட்டம், விலைமாதர் தெரு என்று கென்னிகாட்டில் கிடைக்காததெல்லாம் அங்கே கிடைத்தது. இன்றைக்குக் கென்னிகாட்டின் பெரும்பகுதி பூங்காத் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. மெக்கார்த்தியில் ஆட்கள் வாழ்கிறார்கள், கோடையில் கொஞ்சம் அதிகமாக, குளிர்காலத்தில் மிகக் குறைவாக.

எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்?

குறைந்தது இரண்டு இரவு, முடிந்தால் மூன்று. ஆங்கரேஜிலிருந்து காரில் கிளம்பினால் கிட்டத்தட்ட 310 மைல், 7 முதல் 8 மணி நேரம் ஆகும். அதில் கடைசி 60 மைல் எவ்வளவு நேரம் இழுக்கும் என்பதை உங்கள் கார் முடிவு செய்யும். முதல் நாள் சாயங்காலம் களைத்துப்போய் வந்து சேர்ந்து, மறுநாள் காலை ஆலையின் முன் நாலு படம் எடுத்துக்கொண்டு மதியம் திரும்பினால், இந்தப் பயணத்தில் நீங்கள் அதிகம் பார்த்தது சாலையாகத்தான் இருக்கும். ஒரு முழு நாள் ஊருக்கும் பனியாற்றுக்கும், ஒரு முழு நாள் மேலே சுரங்கத்துக்கு ஏற என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரையும் காட்டையும் தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே பாதிதான் புரியும். மேலே ஏறிச் சுரங்க வாயிலில் நின்று கீழே ஆலையைப் பார்க்கும்போதுதான், இதை எப்படிக் கட்டினார்கள் என்கிற பிரமிப்பு வரும்.

எந்த மாதம் நல்லது?

மே கடைசியிலிருந்து செப்டம்பர் நடு வரை. கடைகள், விடுதிகள், ஷட்டில் வேன்கள் எல்லாம் அந்த இடைவெளியில்தான் ஓடும். ஜூனில் 19 மணி நேரத்துக்கு மேல் பகல், இருட்டுவதற்குள் இறங்கிவிட வேண்டுமே என்கிற பதற்றம் இல்லாமல் நடக்கலாம், ஆனால் கொசு பிய்த்தெடுத்துவிடும், உயரமான பாதைகளில் பனியும் மிச்சமிருக்கலாம். ஜூலைதான் கூட்டம். நான் சொல்வது ஆகஸ்ட் கடைசி அல்லது செப்டம்பர் முதல் வாரம்: கொசு குறைந்திருக்கும், மலைச்சரிவு முழுக்க மஞ்சளும் சிவப்புமாகும், ராத்திரி இருட்டத் தொடங்குவதால் வானம் தெளிவாக இருந்தால் துருவ ஒளிகூடத் தெரியலாம். மழை வரும், அதற்குத் தயாராகப் போங்கள்.

அந்தச் சாலை அவ்வளவு மோசமா?

மோசம் என்பதைவிட, அவசரப்படுபவர்களுக்கு ஆகாத சாலை. கிளென்னாலன் தாண்டி ரிச்சர்ட்சன் நெடுஞ்சாலையில் தெற்கே வந்து, எட்ஜர்டன் சாலையில் திரும்பி 33 மைல் போனால் சிட்டினா. தார்ச் சாலை அங்கே முடிகிறது. ஒரு குறுகலான பாறை வெட்டு வழியாக நுழைந்து, காப்பர் ஆற்றுப் பாலத்தைக் கடந்ததும் மெக்கார்த்தி சாலை. அடுத்த 60 மைலும் பெரும்பாலும் ஜல்லியும் மண்ணும்தான்.

இந்தச் சாலை போட்டிருப்பது பழைய ரயில் பாதையின் மேல். செம்பை ஏற்றிப்போன ரயில் நின்றதும் தண்டவாளங்களை எடுத்துவிட்டார்கள், ஆனால் கட்டைகளில் அடித்திருந்த பெரிய இரும்பு ஆணிகள் மண்ணுக்குள் தங்கிவிட்டன. சாலையைச் சீர் செய்யும்போதும் மழைக்குப் பிறகும் அவை மேலே கிளம்பி வரும், டயரில் ஏறினால் பஞ்சர்தான். அதனால் மணிக்கு 35 மைலுக்கு மேல் போகாதீர்கள். ஸ்டெப்னி முழு அளவு டயராக இருக்கிறதா, அதில் காற்று இருக்கிறதா, ஜாக்கி இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள். நடுவழியில் கூப்பிட்டால் வர யாரும் இல்லை, கூப்பிட சிக்னலும் பெரும்பாலும் இல்லை. கிளென்னாலனிலோ கென்னி லேக்கிலோ பெட்ரோல் டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள், போய்த் திரும்பும் தூரத்தைக் கணக்குப் பண்ணி.

வாடகைக் கார் எடுப்பவர்கள் ஒப்பந்தத்தை ஒருமுறை முழுசாகப் படித்துவிடுவது நல்லது. ஆங்கரேஜில் பல நிறுவனங்கள் ஜல்லிச் சாலையில் ஓட்டவே கூடாது என்று எழுதி வைத்திருக்கும், சில இந்தச் சாலையைப் பெயர் சொல்லியே தடுக்கும், மீறிப் போய் ஏதாவது ஆனால் காப்பீடு செல்லாது. ஜல்லிச் சாலைக்கு அனுமதி தருகிற நிறுவனங்களும் உண்டு. வாடகை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் அங்கேயே எடுங்கள்.

வழியில் இரண்டு இடங்களில் கட்டாயம் நிறுத்துங்கள். 17-ஆம் மைலில் குஸ்குலானா பாலம், 1910-இல் கட்டிய எஃகுப் பாலம், கீழே ஆறு 238 அடி ஆழத்தில் ஓடுகிறது, ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் போகலாம். 1988 வரை அதற்குப் பக்கவாட்டுத் தடுப்பே இல்லாமல்தான் வண்டிகள் போய்வந்தன. அப்புறம் 29-ஆம் மைலுக்குப் பக்கத்தில் கிலாஹினா, ரயிலுக்காக மரத்தாலேயே கட்டிய உயரமான பாலம். இப்போது பாதி சரிந்து கிடக்கிறது, மேலே ஏறாதீர்கள்.

கார் ஓட்டாமல் போக வழியிருக்கிறதா?

இருக்கிறது. கோடையில் கிளென்னாலன் பக்கத்திலிருந்தும் சிட்டினாவிலிருந்தும் மெக்கார்த்திக்கு வேன் போகும், சிறிய விமானமும் போகும். தபால் கொண்டுபோகிற விமானத்திலேயே பயணிகளையும் ஏற்றிக்கொள்வது அங்கே நெடுநாள் வழக்கம். கையில் காசு இருந்தால் ஒரு வழி சாலை, ஒரு வழி விமானம் என்று வைத்துக்கொள்ளலாம். பனியாறுகள் மலைகளுக்கு நடுவே எப்படி வளைந்து இறங்குகின்றன என்பது மேலிருந்து பார்த்தால்தான் பிடிபடும்.

காரை ஆற்றுக்கு இந்தப் பக்கமே விட வேண்டுமாமே?

ஆமாம். சாலை கென்னிகாட் ஆற்றங்கரையோடு முடிந்துவிடும். அங்கே தனியார் இடத்தில் கட்டணம் கட்டிக் காரை நிறுத்திவிட்டு நடைபாலத்தில் கடக்க வேண்டும். அந்தப் பாலம் 1997-இல்தான் வந்தது. அதற்கு முன்பு ஆற்றின் குறுக்கே கட்டிய கம்பியில் தொங்கும் ஒரு சின்னத் தொட்டிலில் உட்கார்ந்து, கயிற்றைக் கையால் இழுத்து இழுத்து அக்கரை போனார்கள், மளிகைச் சாமானும் அப்படித்தான் போனது. வண்டி போகிற பாலம் ஒன்று கொஞ்சம் கீழே இருக்கிறது, அது உள்ளூர்க்காரர்களுக்கான தனியார் பாலம், உங்களுக்கு இல்லை. பாலம் கடந்தால் மெக்கார்த்திக்கு ஒரு மைல்கூட இல்லை, நடந்துவிடலாம். கென்னிகாட்டுக்கு ஷட்டில் வேன் ஓடுகிறது. பெட்டியை உருட்டிக்கொண்டு வராதீர்கள், முதுகுப்பைதான் சரி.

இன்னொன்று. ஒவ்வொரு கோடையிலும் இந்த ஆறு ஒருமுறை திடீரென்று பொங்கும். பனியாறு ஒரு பக்கவாட்டுப் பள்ளத்தாக்கை அடைத்துக்கொண்டிருப்பதால் அங்கே ஹிடன் க்ரீக் என்கிற ஏரி தேங்குகிறது. தண்ணீர் ஏறி ஏறி ஒரு கட்டத்தில் பனிக்கு அடியில் வழி கண்டுபிடித்து மொத்தமாக வடிந்துவிடும். பெரும்பாலும் ஜூலை வாக்கில் நடக்கும். நடைபாலத்துக்கு அடியில் வீடளவு பனிக்கட்டிகள் உருண்டு போவதைப் பார்க்க ஊரே கூடும். அந்த நேரத்தில் கரையோரமாகக் கூடாரம் போட்டிருந்தால் உடனே மேடான இடத்துக்கு மாறிவிட வேண்டும்.

இவ்வளவு ஒதுக்குப்புறத்தில் ஏன் ஒரு ஊரைக் கட்டினார்கள்?

செம்பின் தரம் அப்படி. அங்கே கிடைத்த சால்கோசைட் தாதுவில் மிகச் சிறந்த துண்டுகளில் 70 சதவீதத்துக்கும் மேல் செம்பு இருந்தது. இன்றைக்கு உலகத்தில் பல சுரங்கங்கள் ஒரு சதவீதம்கூட இல்லாத கல்லைத் தோண்டித்தான் பிழைக்கின்றன என்பதை நினைத்தால், அது எப்பேர்ப்பட்ட தாது என்பது புரியும்.

செம்பு இருப்பது அந்த மண்ணின் அட்னா மக்களுக்குப் பல தலைமுறையாகத் தெரியும். கத்தியும் அம்புமுனையும் செய்தார்கள், வியாபாரம் செய்தார்கள். 1899-இல் அவர்களின் தலைவர் நிக்கோலாய், உணவுப் பொருளுக்குப் பதிலாக ஒரு செம்புப் படிவத்தை வெள்ளைக்காரர்களுக்குக் காட்டிக்கொடுத்தார். அடுத்த ஆண்டு ஜாக் ஸ்மித், கிளாரன்ஸ் வார்னர் என்ற இரண்டு பேர் மலைமேல் பச்சையாக ஒரு திட்டைக் கண்டு, குதிரைக்குப் புல் என்று நினைத்து ஏறினார்களாம், போய்ப் பார்த்தால் செம்பு என்பது கதை. அதுதான் போனான்சா சுரங்கம் ஆனது. ஸ்டீபன் பர்ச் என்ற இளம் பொறியாளர் எல்லாருடைய பங்கையும் வாங்கிச் சேர்த்து, குகன்ஹைம் குடும்பத்தையும் ஜே.பி. மார்கனையும் பணம் போட வைத்தார்.

செம்பு கிடைத்துவிட்டது, கடலுக்குக் கொண்டுபோக வழி? கார்டோவா துறைமுகத்திலிருந்து 196 மைலுக்கு, நகரும் பனியாறுகளுக்கு நடுவே ரயில் பாதை போட்டார்கள். மைக்கேல் ஹீனி என்ற ஒப்பந்தக்காரர் தொடங்கினார், முடிவதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை, 1910-இல் இறந்துவிட்டார். 2 கோடியே 30 லட்சம் டாலர் செலவில் 1911-இல் பாதை முடிந்தது. காப்பர் ரிவர் அண்ட் நார்த்வெஸ்டர்ன் என்ற அதன் பெயரின் சுருக்கமான CR&NW என்ற எழுத்துக்களை வைத்தே, இந்த ரயில் ஓடாது, ஒருபோதும் ஓடவும் ஓடாது (Can't Run and Never Will) என்று கேலி பேசியவர்கள் இருந்தார்கள். முதல் வண்டியிலேயே இரண்டரை லட்சம் டாலர் மதிப்புள்ள தாது வந்தது.

1938 நவம்பரில் கடைசி ரயில் போகும்வரை எடுத்த செம்பின் மதிப்பு 20 கோடி டாலருக்கு மேல், அதில் பாதிக்குப் பாதி லாபம். அந்த லாபத்தில்தான் கென்னிகாட் கம்பெனி யூட்டாவிலும் சிலியிலும் பெரிய சுரங்கங்களை வாங்கி உலகக் கம்பெனியாக வளர்ந்தது. நல்ல தாது தீர்ந்தது, செம்பு விலையும் விழுந்திருந்தது, கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார்கள். 1960-களின் கடைசியில், யாராவது உள்ளே போய் அடிபட்டால் தங்கள் தலையில் விழும் என்று நிலத்துக்கு உரிமைக்காரக் கம்பெனி ஊரையே இடித்துத் தள்ள ஆளும் அனுப்பியது. சில கட்டிடங்கள் போயின, வேலை பாதியில் நின்றது. அப்படித் தப்பியதைத்தான் இன்று நாம் பார்க்கிறோம். 1986-இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்கள், 1998-இல் பூங்காத் துறை முக்கியக் கட்டிடங்களை வாங்கியது.

ஆலைக்குள் போகலாமா?

வழிகாட்டியோடு மட்டும். 14 மாடி உயரத்துக்கு மலைச்சரிவில் படிப்படியாக இறங்கும் மரக் கட்டிடம் அது. சுற்றிக் காட்ட ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகும். கட்டணம் உண்டு, தலையில் ஹெல்மெட் போட்டு அழைத்துப்போவார்கள், படிகள் செங்குத்தாக இருக்கும். காசு பார்க்காமல் போய் வாருங்கள், வெளியே நின்று எடுக்கிற படங்களில் அந்த ஆலையின் மூளை தெரியாது. மலைமேலிருந்து கம்பிவடத்தில் தொங்கும் தொட்டிகளில் தாது வந்து உச்சி மாடியில் கொட்டும், அங்கிருந்து ஒவ்வொரு மாடியாக உடைபட்டு, சலிக்கப்பட்டு, தண்ணீரில் அலசப்பட்டுத் தானாகவே கீழே இறங்கும். மலைச்சரிவையே இயந்திரத்தின் ஒரு பாகமாக்கிவிட்டார்கள். கடைசியில் மிஞ்சுகிற தூளிலும் செம்பு இருந்தது, ஆனால் அது சுண்ணாம்புக் கல்லோடு கலந்திருந்ததால் அமிலம் ஊற்றிப் பிரிக்க முடியாது, அமிலத்தைச் சுண்ணாம்பே குடித்துவிடும். அதனால் அம்மோனியாவைக் கொண்டு செம்பைக் கரைத்தெடுக்கும் முறையைத் தொழிற்சாலை அளவில் இங்கே செய்து காட்டினார்கள்.

மின் நிலையம், கடை, தபால் நிலையம் போன்ற சில கட்டிடங்களை நீங்களாகவே போய்ப் பார்க்கலாம். பூட்டிய கட்டிடங்களுக்குள் ஏறிக் குதிக்காதீர்கள், தரை இற்றுப்போயிருக்கும், பழைய பெயின்ட்டில் ஈயமும் உண்டு. மெக்கார்த்தியில் பழைய ரயில் நிலையத்திலேயே ஒரு சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள்.

ஊருக்கு முன்னால் மலைமலையாகக் கிடப்பது சுரங்கக் கழிவா?

எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். பனியாறு எங்கே என்று தேடுவார்கள், அதைப் பார்த்துக்கொண்டேதான் நிற்பார்கள். அந்தச் சாம்பல் நிறக் குவியல்கள் கென்னிகாட் பனியாறேதான். 27 மைல் நீளத்துக்கு மலைகளைச் சுரண்டிக்கொண்டு வந்த கல்லும் மண்ணும் கடைசிப் பகுதியில் பனியின் மேல் போர்த்திக் கிடக்கிறது, ஒரு சரிவில் மண் வழுக்கி விழுந்த இடத்தில் பார்த்தால் கறுப்பாகப் பனி பளபளக்கும். சுரங்கம் நடந்த காலத்துப் புகைப்படங்களில் அதே பனி இப்போது இருப்பதைவிட மிக உயரமாக, எதிர்ப்பக்கத்தை மறைக்கும் அளவுக்கு நிற்கிறது. அந்தப் படங்கள் ஊரிலேயே வைத்திருக்கிறார்கள், ஒரு படத்தின் முன் நின்று அப்படியே ஜன்னல் வழியாக வெளியே பாருங்கள். புவி சூடாவதைப் பற்றி எவ்வளவு படித்திருந்தாலும் அந்த வித்தியாசத்தைக் கண்ணால் பார்ப்பது வேறு.

எந்தப் பாதையில் நடக்கலாம்?

மூன்று முக்கியமான பாதைகள், மூன்றும் கென்னிகாட்டிலேயே தொடங்குகின்றன.

ரூட் (Root) என்ற பனியாற்றுக்குப் போகும் பாதை எல்லாருக்கும் ஏற்றது. போக இரண்டு மைல், வர இரண்டு மைல், பெரிய ஏற்றம் இல்லை. முடிவில் வெள்ளையும் நீலமுமாக நிஜமான பனியைத் தொடலாம். எதிரே ஸ்டேர்வே பனியருவி, மலையிலிருந்து படிப்படியாக உறைந்து இறங்குவதுபோல நிற்கும்.

போனான்சா சுரங்கப் பாதை உழைப்பு கேட்கும். போக வர 9 மைல், ஏற்றம் 3,800 அடி. முதல் பாதி பழைய வண்டிப் பாதை, மரங்களுக்கு நடுவே, சலிப்பாகவே இருக்கும். மரவரிசை தாண்டிய பிறகு காட்சி திறந்துகொள்ளும், ஆனால் கடைசிப் பகுதி சரளைச் சரிவு, ஓரடி வைத்தால் அரையடி வழுக்கும். மேலே இடிந்த விடுதி, கம்பிவடக் கோபுரங்கள், பச்சை படிந்த கற்கள். பக்கத்துச் சரிவைக் கவனியுங்கள்: கீழே கருமையான பச்சைப் பாறை, மேலே வெளிறிய சுண்ணாம்புப் பாறை, நடுவே ஒரு கோடு. அந்தக் கோட்டுக்குச் சற்று மேலேதான் செம்பு இருந்தது, சுரங்கங்கள் எல்லாம் அந்தக் கோட்டைத் தொடர்ந்துதான் போயின. ஆட்கள் இந்த உயரத்திலேயே தங்கி, வாரத்தில் ஏழு நாளும், குளிர்காலம் முழுக்க வேலை செய்தார்கள். கீழே இறங்க வேண்டுமென்றால், கூடாது என்று சொல்லியும் தாதுத் தொட்டியில் ஏறிக்கொண்டவர்கள் உண்டு.

ஜம்போ பாதையும் கிட்டத்தட்ட அதே கடினம்தான், 10 மைல், 3,400 அடி. ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் போனான்சா. காலை சீக்கிரம் கிளம்பி, தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள், மேலே ஊற்றை நம்பிப் போகக் கூடாது. மழையிலும் மேகத்திலும் மேல்பகுதிக்குப் போகாதீர்கள், ஒன்றும் தெரியாது, வழுக்கும். சுரங்க வாய்க்குள் தலையை நீட்டக்கூட வேண்டாம்.

பனியாற்றின் மேல் நானே நடக்கலாமா?

சட்டம் தடுக்காது. ஆனாலும் பழக்கமில்லாதவர்கள் வழிகாட்டியோடு போங்கள் என்றுதான் சொல்வேன், அரை நாள் நடை போதும். காலணிக்கு அடியில் மாட்டுகிற கிராம்ப்பான் முட்கள் இல்லாமல் பனியில் கால் வைக்க வேண்டாம். கென்னிகாட்டில் வழிகாட்டி நிறுவனங்கள் இருக்கின்றன, முட்களை அங்கேயே வாடகைக்கு எடுக்கலாம். கோடையில் மேலே புதுப்பனி இல்லாததால் வெடிப்புகள் கண்ணுக்குத் தெரியும், அது நல்லதுதான். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது: உருகிய தண்ணீர் நீல ஓடையாக ஓடி, ஒரு வட்டத் துளைக்குள் அப்படியே விழுந்து பனியின் அடிவயிற்றுக்குப் போகும். பார்க்க அவ்வளவு அழகாக இருப்பதால் எட்டிப் பார்க்கத் தோன்றும். விளிம்பு வழுவழுவென்று துளையை நோக்கிச் சரிந்திருக்கும், விழுந்தால் மீட்க வழியில்லை. தள்ளி நின்றே பாருங்கள்.

கரடிகள்?

கருங்கரடியும் உண்டு, கிரிஸ்லியும் உண்டு. கோடையின் பிற்பகுதியில் பெர்ரிப் பழம் தேடி ஊருக்குள்ளும் பாதையோரமும் வரும். பேசிக்கொண்டே நடங்கள், முடிந்தவரை கூட்டமாகப் போங்கள், வளைவுகளிலும் ஓடைச் சத்தம் அதிகமுள்ள இடங்களிலும் குரல் கொடுங்கள். கரடி ஸ்பிரேயை விமானத்தில் கைப்பையிலும் கொண்டுபோக முடியாது, சரக்குப் பெட்டியிலும் போட முடியாது, ஆங்கரேஜில் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கிப் பைக்குள் புதைத்து வைக்காமல் இடுப்பில் கை எட்டுகிற இடத்தில் மாட்டுங்கள். எதிரே கரடி வந்தால் ஓடாதீர்கள், நிதானமாகப் பேசிக்கொண்டே பின்வாங்குங்கள். சாப்பாடு, பற்பசை, குப்பை எதையும் கூடாரத்துக்குள் வைக்கக் கூடாது. மனிதச் சாப்பாட்டு ருசி கண்ட கரடியைக் கடைசியில் சுட்டுத்தான் ஆக வேண்டியிருக்கிறது, அந்தப் பாவம் நம் கையால் வேண்டாம்.

கூடாரம் போட அனுமதி வாங்க வேண்டுமா?

வேண்டாம், கட்டணமும் இல்லை. ஆனால் எந்தப் பக்கம் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று பூங்கா அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள், உங்கள் வீட்டில் யாரிடமாவதும் சொல்லிவைத்துவிடுங்கள். வருகிற வழியில் காப்பர் சென்டர் அருகே பூங்காவின் பெரிய தகவல் மையம் இருக்கிறது, கரடியால் திறக்க முடியாத உணவு டப்பாக்களை இரவல் தருவார்கள், அன்றைய நிலவரத்தையும் சொல்வார்கள். ரூட் பனியாற்றுப் பாதையோரமாகக் கூடாரம் போட இடங்களும், சாப்பாடு வைக்க இரும்புப் பெட்டியும் உண்டு. கொஞ்சம் அனுபவமுள்ளவர்கள் பனியாற்றைக் குறுக்கே கடந்து டோனஹோ பள்ளத்தாக்கில் ஓரிரவு தங்குவார்கள்.

அதற்கும் அப்பால், ஸ்கோலாய் கணவாய் போன்ற இடங்களுக்குச் சின்ன விமானத்தில் போய் இறங்கி, நாட்கணக்கில் நடந்து வேறோர் இடத்தில் விமானம் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே அடையாளம் வைத்த பாதை கிடையாது, பாலம் கிடையாது. பனியாற்றுத் தண்ணீர் ஓடுகிற ஆறுகள் வெயில் ஏற ஏறப் பெருகும், காலையில் முழங்கால் அளவு இருந்தது சாயங்காலம் ஆளை அடித்துப் போகும், அதனால் கடப்பதென்றால் விடியற்காலையில்தான். வானிலை கெட்டால் விமானம் சொன்ன நாளில் வராது, இரண்டு மூன்று நாளுக்கு உபரிச் சாப்பாடு கட்டாயம். வரைபடம் படிக்க, ஆறு கடக்க முன்பே பழகியிருந்தால் மட்டும் போங்கள். செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி ஒன்று கையில் இருக்கட்டும்.

தங்க, சாப்பிட, பணம், போன்?

கென்னிகாட்டில் ஆலையை ஒட்டியே ஒரு லாட்ஜ், மெக்கார்த்தியில் பழைய ஹோட்டலும் சில அறைகளும், ஆற்றுக்கு மேற்கே கேபின்களும் கூடாரத் திடல்களும். இடம் குறைவு, ஜூலை, ஆகஸ்டுக்கு மாதக்கணக்கில் முன்பே பதிவு செய்யுங்கள். விலை அதிகம்தான், ஒவ்வொரு முட்டையும் அந்த 60 மைலைத் தாண்டித்தான் வருகிறது. சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை, ஆனால் தேர்வு குறைவு, அரிசியும் பருப்பும் சின்ன அடுப்பும் ஆங்கரேஜிலிருந்தே கொண்டுவந்தால் நிம்மதி. அடுப்புக்கான எரிவாயுவும் விமானத்தில் வராது என்பதை மறக்க வேண்டாம். கையில் ரொக்கம் வைத்திருங்கள். போன் சிக்னலை நம்பாதீர்கள், வரைபடங்களை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் போக வேண்டுமென்றால் கிளென்னாலன்தான், அதாவது நாலு மணி நேரம்.

சின்னப் பிள்ளைகள், வயதானவர்களை அழைத்துப் போகலாமா?

தாராளமாக. ஷட்டில் வேன் ஊர்வரை போகிறது, ஊருக்குள் நடப்பது எளிது, ரூட் பாதையைப் பிள்ளைகள் சமாளித்துவிடுவார்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஆலைச் சுற்று சிரமம், அத்தனை படிகள். கோடையிலும் குளிரும், நனைந்தால் காயாத பருத்திச் சட்டைக்குப் பதில் கம்பளியோ செயற்கை இழையோ போட்டு, மேலே மழைக்கோட்டு.

நினைவுக்கு ஒரு செம்புக் கல் எடுத்து வரலாமா?

கூடாது. பூங்காவுக்குள் இருக்கிற கல், ஆணி, பழைய டப்பா, கண்ணாடித் துண்டு எதையும் எடுப்பது சட்டப்படி குற்றம். பச்சைக் கல்லைக் கையில் எடுத்துப் பாருங்கள், படம் எடுங்கள், அதே இடத்தில் வைத்துவிடுங்கள். இன்னொரு விஷயம், கென்னிகாட்டிலும் மெக்கார்த்தியிலும் பூங்கா நிலத்துக்கு நடுநடுவே தனியார் வீடுகள் இருக்கின்றன. பாழடைந்த மாதிரி தெரிகிற வீட்டில் ஆள் இருப்பார்கள். ஜன்னலில் முகம் வைத்துப் பார்ப்பது, முற்றத்தில் நின்று படம் பிடிப்பது வேண்டாம். வணக்கம் சொல்லிப் பேச்சுக் கொடுத்தால் நன்றாகப் பேசுகிற மனிதர்கள். சாலை எப்படி இருக்கிறது, ஆறு ஏறியிருக்கிறதா என்பதையெல்லாம் அவர்களைவிட யாரும் சரியாகச் சொல்ல மாட்டார்கள்.

திரும்பும்போது நேரம் மிச்சமிருந்தால்?

பூங்காவின் இன்னொரு சாலையான நபெஸ்னா சாலைக்குப் போங்கள், வடக்குப் பக்கம், 42 மைல். கூட்டமே இருக்காது. வானம் தெளிந்தால் இன்னும் உயிரோடு இருக்கிற ராங்கெல் எரிமலை தெரியும், 14,163 அடி, உச்சியில் சில நாட்களில் லேசாக ஆவி கிளம்பும். வழியில் சில ஓடைகள் சாலையின் மேலேயே ஓடும், மழைக்குப் பிறகு என்றால் கிளம்பும் முன் ரேஞ்சர் அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் போங்கள்.